லாரி கம்பெனிப் பங்கு: ஒரு சைட்டில் கடன் மலை, கம்பெனி அறிக்கையில் கடனே இல்லை. எதை நம்புவது?

மன்னை_புதுசு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பங்குச் சந்தைக்குப் புதுசு. இதுவரைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டு மட்டும்தான். முதல் தனிப்பங்கா அசோக் லேலண்டைப் படிச்சுப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். காரணம் பெருசா ஒண்ணுமில்ல, மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுல எந்தப் பக்கம் திரும்பினாலும் முகப்புல அந்தப் பேருதான். வாங்கட்டுமா வேண்டாமான்னு கேட்கல. எப்படிப் படிக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க.

சிக்கின இடங்கள் இவைதான். ஒரு சைட்டுல கடன் மூலதனத்தைப் போல மூணு மடங்குக்கு மேலன்னு காட்டுது. ஆனா கம்பெனி அறிக்கையில 2025 மார்ச் முடிவுல கடன் போக 4,242 கோடி ரூபாய் ரொக்கம் இருக்குன்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒரே கம்பெனிதானா? அடுத்தது, 2025 ஜூலைச் செய்தியில விலை 250ன்னு இருக்கு, சார்ட்டுல அதே தேதிக்குத் தொட்டா 125ன்னு வருது. அப்புறம், இந்த மாதிரி கம்பெனிக்கு பி.இ. (பங்கு விலையை ஒரு பங்கோட வருஷ லாபத்தால வகுத்தா வர்ற எண்) எவ்வளவு இருந்தா மலிவு? கடைசியா, மாசா மாசம் 1ஆம் தேதி எத்தனை வண்டி வித்தோம்னு எண்ணிக்கை போடறாங்களே, அதை வெச்சு லாபத்தைக் கணிக்க முடியுமா?

குடந்தை_கணக்கு:

கடன் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் பார்க்கட்டும்.

சைட்டும் பொய் சொல்லவில்லை, கம்பெனி அறிக்கையும் பொய் சொல்லவில்லை. அறிக்கை வண்டி செய்யும் பட்டறையின் கணக்கைக் காட்டுகிறது, சைட் பட்டறையையும் வட்டிக்கடையையும் ஒரே கல்லாவில் போட்டுக் காட்டுகிறது. முதலாவது தனிக் கணக்கு, ஸ்டாண்ட்அலோன். இரண்டாவது ஒருங்கிணைந்த கணக்கு, கன்சாலிடேட்டட். அசோக் லேலண்டின் கீழ் ஹிந்துஜா லேலண்ட் ஃபைனான்ஸ் என்ற கடன் கொடுக்கும் நிறுவனம் இருக்கிறது. அதில் தாய்க் கம்பெனியின் பங்கு சுமார் 60 சதவீதம். ஆனால் கணக்கியல் விதிப்படி துணை நிறுவனத்தின் கடன் 60 சதவீதம் அல்ல, முழுசாக ஒருங்கிணைந்த கணக்கில் ஏறும். மற்றவர்களுக்குச் சேர வேண்டியதை ‘நான்-கன்ட்ரோலிங் இன்ட்ரஸ்ட்’ என்ற தனி வரியில் கழித்துக் காட்டுவார்கள். அப்படித்தான் 40,000 கோடிக்கு மேல் கடன் வருகிறது.

ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கடன் என்பது அரவை மில்லுக்கு நெல் மூட்டை மாதிரி. வங்கியிடம் ஒரு வட்டிக்கு வாங்கி, லாரி வாங்குகிறவரிடம் அதைவிடக் கூடிய வட்டிக்குக் கொடுப்பதுதான் தொழில். மில்லில் நெல் குவிந்து கிடக்கிறதே என்று யாரும் பயப்படுவதில்லை. ஆகவே வண்டி செய்யும் தொழிலின் பலத்தைப் பார்க்க ஒருங்கிணைந்த கணக்கின் கடன் விகிதத்தை எடுக்கவே எடுக்காதீர்கள்.

செய்முறை: பிஎஸ்இ (மும்பை பங்குச் சந்தை) தளத்தில் 500477 என்ற எண்ணைப் போடுங்கள். அறிவிப்புகள் பகுதியில் ‘ரிசல்ட்ஸ்’ என்று வடிகட்டினால் காலாண்டு பிடிஎஃப் வரும். அதில் தனிக் கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு இரண்டும் தனித்தனியாக இருக்கும், தலைப்பில் எது என்று எழுதியிருக்கும். பாதிப் பேர் இந்தத் தலைப்பைப் பார்க்காமல்தான் குழம்புகிறார்கள். ஒருங்கிணைந்த கணக்கின் கடைசிப் பக்கங்களில் ‘செக்மென்ட்’ அட்டவணை ஒன்று உண்டு. வர்த்தக வாகனம் ஒரு வரி, நிதிச் சேவை ஒரு வரி. இரண்டையும் பிரித்தே படிக்க அது போதும்.

இனி அந்த 4,242 கோடி. கணக்கு சரி, ஆனால் அது வருஷத்திலேயே அழகான நாளில் எடுத்த போட்டோ. லாரி கம்பெனிக்கு மார்ச்தான் அறுவடை மாதம். உற்பத்தி உச்சத்தில் இருக்கும், டீலரிடமிருந்து பணம் சீக்கிரம் வந்துவிடும், ஆனால் டயர், இரும்பு, உதிரிபாகம் கொடுத்தவர்களுக்குப் பணம் போக இன்னும் சில வாரம் ஆகும். அதனால் மார்ச் 31 அன்று கல்லா நிரம்பி வழியும். ஏப்ரல், மே மாதங்களில் அது வடியும். 2025 ஜூன் முடிவில் அதே நிகர ரொக்கம் 821 கோடி. நடுவில் பங்குக்கு 4.25 ரூபாய் இடைக்கால டிவிடெண்டாகவே 1,248 கோடி போனது. மிச்சத்தில் பெரும் பகுதி சப்ளையர்களுக்குப் போன பணம். திருடு போனதும் இல்லை, நஷ்டமும் இல்லை.

எனவே பேலன்ஸ் ஷீட்டை மார்ச்சுக்கு மட்டும் பார்க்காமல் செப்டம்பருக்கும் பாருங்கள். அரையாண்டு முடிவோடு அது கட்டாயம் வெளிவரும்.

தனிக் கணக்கில் இன்னொரு இடத்தையும் விரல் வைத்துப் பார்க்கச் சொல்வேன்: ‘இன்வெஸ்ட்மென்ட்ஸ்’ என்ற வரிக்கான குறிப்பு. துணை நிறுவனங்களில் போட்ட பணம் பெயர்வாரியாக அங்கே இருக்கும். ஃபைனான்ஸ் கம்பெனி, மின்சார பஸ் செய்யும் ஸ்விட்ச், விராலிமலையில் பஸ் பாடி கட்டும் குளோபல் டிவிஎஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். பட்டறை சம்பாதித்த பணம் வருஷா வருஷம் எந்தப் பிள்ளைக்குப் போகிறது என்பதைக் காட்டும் பக்கம் அது. பிள்ளை தேறவில்லை என்றால் அந்த முதலீட்டின் மதிப்பைக் குறைத்து எழுத வேண்டும். அது லாப நஷ்டக் கணக்கில் ‘எக்ஸெப்ஷனல் ஐட்டம்ஸ்’ என்ற வரியில் வந்து விழும். ஒரு காலாண்டின் லாபம் திடீரென்று சரிந்தாலோ எகிறினாலோ முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

பொன்மலை77:

விலை பாதியான கதை சின்னது. 2025 ஜூலை 16 பதிவு நாளாக 1:1 போனஸ் கொடுத்தார்கள். ஒரு பங்கு வைத்திருந்தவரிடம் இரண்டாச்சு, விலை பாதியாச்சு. சார்ட்டுக்காரன் பழைய விலை எல்லாவற்றையும் பாதியாக்கித் திருத்திவிடுவான், செய்தித்தாள் திருத்தாது. அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. 2024-25இல் தனிக் கணக்கு லாபம் 3,303 கோடி. அப்போது இருந்த பங்குகள் 293.6 கோடி. ஒரு பங்கின் சம்பாத்தியம் 11.25 ரூபாய். அந்த வருஷ ஆண்டறிக்கையில் அச்சடித்திருப்பதும் அதுதான். போனஸுக்குப் பிறகு பங்குகள் 587 கோடிக்கு மேல், அப்படியானால் சம்பாத்தியம் 5.62. இன்றைய விலையை எடுத்து ஆண்டறிக்கையின் 11.25ஆல் வகுத்தால் பி.இ. பாதியாகத் தெரியும். ‘அடேங்கப்பா மலிவு’ என்று யூடியூபில் சொன்ன ஆட்களும் உண்டு. பழைய டிவிடெண்டையும் அப்படியே பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

டாரஸ்_திருவாரூர்:

தம்பி, எண்ணிக்கையைப் படிக்கறதுக்கு முன்னாடி லாரி ஏன் விற்குது, ஏன் படுக்குதுன்னு தெரியணும். இது சோப்பு விக்கற தொழில் இல்ல. லாரி வாங்கறவன் ஆசைக்கு வாங்கறதில்ல, கையில லோடு இருந்து, வாடகை மாச டியூவுக்குத் தாங்கினாத்தான் வாங்குவான். தாங்கலன்னா பழைய வண்டிக்கே எஃப்.சி. காட்டி இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடுவான். தள்ளிப்போட முடியற செலவு. அதனாலதான் இந்தத் தொழில் ஏறினா ஒரேயடியா ஏறும், இறங்கினா ஒரேயடியா இறங்கும்.

ஒரு உதாரணம் சொல்றேன், நம்ம ஊர்க் கணக்கிலயே. நாம பத்து சக்கர லாரிக்கு டாரஸ்னு சொல்றோமே, அந்தப் பேரே லேலண்ட் வண்டியோட மாடல் பேருதான். 2018 ஜூலைல மத்திய அரசு அச்சு எடை விதியை மாத்துச்சு. மூணு அச்சு வண்டியோட மொத்த எடை 25 டன்ல இருந்து 28.5 டன். பெரிய டிரெய்லருக்கு 49ல இருந்து 55. இப்ப கணக்குப் போடு. வெறும் வண்டி 9 டன்னு வெச்சுக்க. முன்னாடி 16 டன் சரக்கு, கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையில 400 மூட்டை. புது விதியில 19.5 டன், 487 மூட்டை. 4,800 மூட்டை நெல்லை குடோனுக்கு ஏத்த முன்னாடி 12 நடை, இப்ப 10 நடைக்குள்ள முடிஞ்சுடும். புதுசா ஒரு லாரி கூட வாங்காம நாட்டோட லாரிப் படையே அஞ்சுல ஒரு பங்கு பெருசாயிடுச்சு. ஓவர்லோடு முன்னாடியும் ஏத்தினாங்கதான், ஆனாலும் அடி விழுந்துச்சு. லோடு குறைஞ்சு, கடன் கிடைக்காம, அடுத்த வருஷம் பிஎஸ்-6 புகை விதி வேற வருதுன்னு எல்லாம் ஒண்ணா சேர்ந்து 2019-20ல விற்பனை படுத்துடுச்சு. கம்பெனிக்காரன் ஒரு தப்பும் பண்ணல. அதான் பாடம்.

விதி மாறும் தேதிகளை ஒரு தாள்ல எழுதி ஒட்டிக்க. 2020 ஏப்ரல் 1 பிஎஸ்-6. 2025 ஜூன் 8 முதல் 3.5 டன்னுக்கு மேல இருக்கற லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம். விதி வந்தா விலை ஏறும், அதனால முந்தின மாசங்கள்ல முண்டியடிச்சு வாங்குவான், அடுத்த மாசங்கள்ல ஆளே இருக்காது. இதைத் தெரிஞ்சுக்காம ஒரு மாச எண்ணைப் பார்த்து ‘அடடா, 20 சதவீத வளர்ச்சி’ன்னு துள்ளக் கூடாது.

ஜிஎஸ்டி அதுக்கு நேர் எதிர். 2025 செப்டம்பர் 22 முதல் லாரி, பஸ்ஸுக்கு 28 சதவீதம் 18 ஆச்சு. குறையப் போகுதுன்னு தெரிஞ்சதும் அதுக்கு முந்தின வாரங்கள்ல எவனும் வாங்கல, காத்திருந்தான். இதுல யாருக்கு லாபம்னும் பார்க்கணும். வரிக்கு முன் 30 லட்சம் வண்டி முன்னாடி 38.4 லட்சம், இப்ப 35.4 லட்சம். பெரிய கம்பெனி கட்டின வரியை இன்புட் கிரெடிட்டா திரும்ப எடுத்துக்கும், அவனுக்கு இது பெரிய விஷயமில்ல. லாரி ஆபீஸுக்கு வண்டியை வாடகைக்கு விடற ஒத்தை லாரி ஓனருக்கு அந்த கிரெடிட் கிடையாது. அவனுக்கு 3 லட்சம் முழு மிச்சம், 48 மாச டியூவுல வட்டி இல்லாமலே மாசம் 6,250. அதனால ஜிஎஸ்டி குறைப்போட பலன் சின்ன ஓனர்கள் பக்கம்தான் அதிகம்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். டெல்டாவுல குறுவை அறுத்து கொள்முதல் நிலையத்துல மூட்டை மலை மாதிரி நிக்கும், லாரி கிடைக்காது. அதைப் பார்த்து லாரிப் பங்கு ஏறும்னு நினைச்சுடாத. அது அஞ்சாறு வாரத்து நெருக்கடி, ஏற்கெனவே இருக்கற பழைய வண்டிதான் வந்து ஓடும். கனரக லாரி விற்பனையை ஆட்டறது சிமென்ட், இரும்பு, சுரங்கம், ரோடு வேலை.

வெண்ணாறு:

மேலே சொன்னதை எண்ணில் பார்க்கலாம். தனிக் கணக்கு, கோடி ரூபாயில். முதலில் வருவாய், அடுத்து இபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) வருவாயில் எத்தனை சதவீதம் என்பது, கடைசியில் நிகர லாபம்.

2018-19: 29,055 / 10.8 / 1,983
2019-20: 17,467 / 6.7 / 240
2020-21: 15,301 / 3.5 / நஷ்டம் 314
2021-22: 21,688 / 4.6 / 542
2022-23: 36,144 / 8.1 / 1,380
2023-24: 38,367 / 12.0 / 2,618
2024-25: 38,753 / 12.7 / 3,303

முதல் இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய் 40 சதவீதம் குறைந்தது, லாபம் 88 சதவீதம் குறைந்தது. ஏன் என்று புரிந்துவிட்டால் இந்தத் தொழிலின் கணக்கில் பாதி புரிந்த மாதிரி. 100 ரூபாய்க்கு வண்டி விற்றால் 70 ரூபாய்க்கு மேல் இரும்பு, டயர், உதிரிபாகம். வண்டி செய்யாவிட்டால் அந்தச் செலவும் இல்லை. ஆனால் சம்பளம், எண்ணூரிலும் ஓசூரிலும் நிற்கும் ஆலையின் பராமரிப்பு, தேய்மானம் இதெல்லாம் ஒரு வண்டி செய்தாலும் ஒரு லட்சம் செய்தாலும் ஏறக்குறைய அதே தொகை. விற்காத ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 30 ரூபாய் வரை லாபம் போகும், அதைத் தாங்க நிலைச் செலவில் கை வைக்க முடியாது. ஏறும்போதும் இதே கணக்குதான் தலைகீழாக வேலை செய்யும்.

இதனால்தான் பி.இ.யை இங்கே நேராகப் படித்தால் கையைச் சுடும். போனஸுக்கு முந்தைய விலையில் சொல்கிறேன், சார்ட்டில் பாதியாகத் தெரியும். 2019 மார்ச் முடிவில் விலை சுமார் 91, சம்பாத்தியம் 6.75, பி.இ. 13 சொச்சம். பார்க்க மலிவு. ஒரே வருஷத்தில் விலை 43. அப்போது 2019-20 சம்பாத்தியம் வெறும் 82 பைசா, பி.இ. 50க்கு மேல். பார்க்க அநியாய விலை. அடுத்த மார்ச்சில் கம்பெனி நஷ்டத்தில், பி.இ. போடவே முடியாது, ஆனால் விலை 110 தாண்டியிருந்தது. மலிவாகத் தெரிந்தபோது வாங்கியவர் மாட்டிக்கொண்டார், அநியாய விலையாகத் தெரிந்தபோது வாங்கியவருக்கு இரட்டிப்புக்கு மேல்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2018 மே மாதத்திலேயே விலை 160ஐத் தாண்டிவிட்டது. விற்பனை 1.97 லட்சம் வண்டி என்று உச்சம் தொட்டது அதற்குப் பிறகு முடிந்த 2018-19இல். அந்த வருஷம் முடியும்போது விலை 91. லாபம் உச்சத்துக்குப் போவதற்கு முன்பே பங்கு இறங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த வருஷத்தைத்தான் சந்தை பார்க்கும்.

அப்படியானால் எந்த அளவுகோல்? ஒற்றை வருஷ லாபத்தை விட்டுவிட்டு, மேடு பள்ளம் இரண்டும் அடங்கிய ஆறேழு வருஷச் சராசரி லாபத்தால் விலையை வகுத்துப் பாருங்கள். மேலே உள்ள ஏழு வருஷத்தின் மொத்த லாபம் 9,752 கோடி, சராசரி சுமார் 1,393 கோடி. 2024-25இன் 3,303 அதைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. இது நிரந்தர உயரமா, சுழற்சியின் மேடா என்பதுதான் நீங்கள் பதில் தேட வேண்டிய கேள்வி. பதில் இரண்டுக்கும் நடுவில் என்பது என் அபிப்பிராயம். காரணத்தை எண்ணிக்கையில் காட்டலாம்: 2018-19இல் 1.97 லட்சம் வண்டிக்கு 29,055 கோடி, ஒரு வண்டிக்கு 14.7 லட்சம். 2024-25இல் 1.95 லட்சம் வண்டிக்கு 38,753 கோடி, ஒரு வண்டிக்கு 19.9 லட்சம். எண்ணிக்கை கூடவே இல்லை. பிஎஸ்-6ஆல் விலை கூடியது ஒரு பங்கு. தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியது, உதிரிபாக வியாபாரம் கூடியது, பெரிய டன் வண்டிகள் அதிகம் போனது இன்னொரு பங்கு. முதலாவது நிற்கும். தள்ளுபடி மட்டும் தேவை படுத்தால் மறுநாளே திரும்பி வரும்.

காலாண்டைக் காலாண்டோடு ஒப்பிடும் பழக்கத்தையும் இப்போதே விட்டுவிடுங்கள். 2024-25இல் ஏப்ரல்-ஜூன் வருவாய் 8,599 கோடி, இபிட்டா 10.6 சதவீதம், லாபம் 526 கோடி. ஜனவரி-மார்ச்சில் 11,907 கோடி, 15 சதவீதம், 1,246 கோடி. அடுத்த ஜூன் காலாண்டில் ‘லாபம் பாதியாகச் சரிந்தது’ என்று தலைப்பு போடுவார்கள். ஜூனை முந்தைய ஜூனோடு மட்டும் வையுங்கள்.

மன்னை_புதுசு:

அண்ணே, இவ்வளவு விவரமா எதிர்பார்க்கல. ஒரு சந்தேகம். ஒரு வண்டிக்கு 19.9 லட்சம்னா, மாச விற்பனை எண்ணை அதால பெருக்கினா அந்த மாச வருவாய் வந்துடுமா? மூணு மாசம் கூட்டினா காலாண்டு ரிசல்ட்டை முன்னாடியே சொல்லிடலாம் போல இருக்கே.

இன்னொண்ணு. 2024ல தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள்கிட்ட இருந்து 1,475 பஸ் சேஸிஸ் ஆர்டர், 345.58 கோடின்னு செய்தி பார்த்தேன். இந்த மாதிரி செய்தி வந்தா அது எவ்வளவு பெரிய விஷயம்?

வெண்ணாறு:

குத்துமதிப்பாக வரும், பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். மாத அறிவிப்பில் இரண்டு வரி இருப்பதைப் பாருங்கள். நடுத்தர, கனரக வண்டிகள் ஒன்று, இலகு வண்டிகள் இன்னொன்று. மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோஸ்த், படா தோஸ்த் மாதிரியான இலகு வண்டிகள். ஒரு தோஸ்த் விலைக்கும் ஒரு டிரெய்லர் இழுக்கும் டிராக்டர் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த மாதம் தோஸ்த் அதிகம் போயிருந்தால் சராசரி இறங்கும். அதோடு 38,753 கோடிக்குள் உதிரிபாகம், ஜெனரேட்டர் இன்ஜின், ராணுவ வாகனம் எல்லாம் இருக்கிறது. அவை வண்டி எண்ணிக்கையில் வராது. வருவாயைக் கணித்தாலும் லாபத்தை இதிலிருந்து கணிக்க முடியாது, தள்ளுபடி எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எண்ணிக்கையில் தெரியாதே.

பஸ் ஆர்டருக்கு: 345.58 கோடியை 1,475ஆல் வகுத்தால் ஒரு சேஸிஸ் 23.4 லட்சம். வருஷ வருவாயில் மொத்தமும் சேர்த்து ஒரு சதவீதம் கூட இல்லை. செய்தி வந்த அன்று பங்கு 2 சதவீதம் ஏறினால் அதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. ‘சேஸிஸ்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். பாடி கட்டிய முழு பஸ் ஆர்டர் என்றால் தொகை பெரிதாகத் தெரியும், அதை இதோடு நேராக ஒப்பிடக் கூடாது.

டாரஸ்_திருவாரூர்:

மாச எண்ணிக்கையில பெரிய ஏமாத்து வேற இருக்கு தம்பி. 1ஆம் தேதி போடறது டீலருக்கு அனுப்பின கணக்கு. டீலர் யார்டுல நிக்கற வண்டியும் அதுல ‘விற்பனை’தான். உண்மையில ரோட்டுக்கு வந்தது எவ்வளவுன்னு பார்க்கணும்னா மத்திய அரசோட வாஹன் டாஷ்போர்டுக்குப் போ. அங்க கம்பெனிவாரியா, மாசவாரியா பதிவு எண்ணிக்கை இருக்கு. மாநிலம், ஆர்டிஓ வரைக்கும் பிரிக்கலாம். டிஎன்-50 திருவாரூரைத் தட்டிப் பார்த்து ரசிச்சுக்கலாம், ஆனா முடிவு எடுக்க நாடு முழுக்க எடு.

ஒரு மாச வித்தியாசம் ஒண்ணும் சொல்லாது. மூணு மாசம் தொடர்ந்து அனுப்பினது அதிகமா, பதிவானது குறைவா இருந்தா யார்டு நிரம்புதுன்னு அர்த்தம். அடுத்து தள்ளுபடி வரும், அதுக்கடுத்த காலாண்டுல இபிட்டா இறங்கும்.

ஒப்பிடறப்ப மூணு இடத்துல வழுக்கும். ஏற்றுமதி வாஹன்ல வராது. பஸ் சேஸிஸ் கம்பெனியில இருந்து கிளம்பி, கரூர்ல பாடி கட்டி, பெயின்ட் அடிச்சு ஆர்டிஓ வாசலுக்கு வர மாசக்கணக்காகும், அதனால பஸ் எண்ணிக்கை பின்தங்கியே வரும். அப்புறம் மார்ச்ல அனுப்பினது ஏப்ரல்ல பதிவாகும்.

பொன்மலை77:

டாடாவோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டாடா மோட்டார்ஸ் 2025இல் இரண்டாகப் பிரிந்தது. லாரி, பஸ் தொழில் தனிக் கம்பெனியாகி நவம்பர் 12 அன்று பட்டியலுக்கு வந்தது, டாடா மோட்டார்ஸ் என்ற பெயர் இப்போது அதற்குத்தான். பழைய பட்டியலில் இருந்த கம்பெனி டாடா மோட்டார்ஸ் பாசஞ்சர் வெஹிக்கிள்ஸ் ஆகிவிட்டது, ஜாகுவார் லேண்ட் ரோவர் அங்கே. சைட்களில் ‘டாடா மோட்டார்ஸ் ஐந்து வருஷ வருவாய்’ என்று வருவது எந்தக் கம்பெனியின் வரலாறு என்று பார்க்காமல் எடுத்தால் லாரிக்கு ஜாகுவாரோடு போட்டி வைத்த மாதிரி ஆகும். பழைய வருஷங்களுக்கு அவர்களுடைய ஆண்டறிக்கையில் வர்த்தக வாகன செக்மென்ட் எண்ணை மட்டும் எடுங்கள்.

ஐஷரும் அப்படித்தான். வோல்வோவோடு சேர்ந்து லாரி செய்யும் விஇசிவி கம்பெனியில் அவர்களுக்கு 54.4 சதவீதம். ஆனாலும் கூட்டு நிறுவனமாக நடத்துவதால் லாரி வருவாய் ஐஷரின் வருவாய் வரியில் வராது. லாபத்தில் ஐஷரின் பங்கு மட்டும் ஒரே ஒரு வரியாகக் கீழே வரும். அந்தப் பங்கை வாங்கினால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் புல்லட் பைக் தொழில்.

மன்னை_புதுசு:

செப்டம்பர் பேலன்ஸ் ஷீட்டை எடுத்து நானே நிகர ரொக்கம் போட்டுப் பார்த்தேன். தனிக் கணக்குதான், தலைப்பை ரெண்டு தடவை பார்த்தேன். ‘கேஷ் அண்ட் கேஷ் ஈக்விவலன்ட்ஸ்’ல இருந்து ‘பாரோயிங்ஸ்’ஐக் கழிச்சேன். கம்பெனி சொல்ற எண்ணுக்கும் எனக்கு வர்றதுக்கும் ஏணி வெச்சாலும் எட்டல. எங்க தப்பு?

குடந்தை_கணக்கு:

வழக்கமான இரண்டு இடம்தான். மிச்சப் பணத்தை யாரும் கரன்ட் அக்கவுன்டில் தூங்க விடமாட்டார்கள், லிக்விட் மியூச்சுவல் ஃபண்டில் போடுவார்கள். அது ‘கரன்ட் இன்வெஸ்ட்மென்ட்ஸ்’ என்று தனி வரியில் இருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட வைப்புத்தொகை ‘அதர் பேங்க் பேலன்சஸ்’ என்று இன்னொரு வரியில். மூன்றையும் கூட்டுங்கள். துணை நிறுவனங்களில் போட்டது ‘நான்-கரன்ட் இன்வெஸ்ட்மென்ட்ஸ்’, அதைத் தொடாதீர்கள், அவசரத்துக்கு விற்க முடியாத பணம் அது.

கழிப்பதிலும் தப்பு வரும். ‘பாரோயிங்ஸ்’ என்ற வரி பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு இடத்தில் இருக்கும். நீண்டகாலப் பொறுப்புகளின் கீழ் ஒன்று, ஒரு வருஷத்துக்குள் கட்ட வேண்டியதன் கீழ் இன்னொன்று. மேலே இருப்பதை மட்டும் கழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இரண்டையும் கழித்துப் பாருங்கள். சின்ன வித்தியாசம் இருந்தால் அது வட்டி பாக்கி மாதிரி சில்லறை, விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கான கோடி இன்னும் இடித்தால் பிடிஎஃபின் அந்தப் பக்கத்தை இங்கே போடுங்கள், வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

பிஎஸ்இ தளத்தில் இருக்கும்போதே ‘ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்’ என்பதையும் திறந்து, புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளிகள்) வரிக்கு நேராகக் கடைசிப் பக்கமாக வரும் ‘பிளெட்ஜ்டு’ (அடகு வைத்த பங்குகள்) கட்டத்தில் என்ன எண் இருக்கிறது, கடந்த நாலு காலாண்டில் அது ஏறியதா இறங்கியதா என்று குறித்து வையுங்கள்.

மன்னை_புதுசு:

கரன்ட் இன்வெஸ்ட்மென்ட்ஸை விட்டுட்டேன், பாரோயிங்ஸும் ஒண்ணுதான் கழிச்சிருக்கேன். இப்ப கிட்ட வந்துடுச்சு. பிளெட்ஜ் கட்டத்தைப் பார்த்துட்டு நாளைக்கு வர்றேன்.